ஊழியரின் சமயக் கருத்தும் முதலாளியின் உரிமையும்

வியாபாரிகளுக்கு அண்மைக் காலத்தில் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தலையிடிகளில் ஒன்று, தம்மிடம் வேலை செய்பவர்கள் கடைக்கு வெளியே என்ன பேசுகிறார்கள் என்பதாகும். முன்னர் ஓர் ஊழியர் சமயம் பற்றிய தனது கருத்தை வீட்டு விறாந்தையிலோ தேநீர்க் கடையிலோ சொன்னால் அது அங்கேயே முடிந்துவிடும். இன்று அதையே பேஸ்புக்கில் எழுதுகிறார். அவரது பக்கத்தில் எமது கடையின் பெயரும் இருக்கிறது. யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறார். இரவு பத்து மணிக்கு முதலாளியின் தொலைபேசி அலறுகிறது. "உங்கட கடைப் பொடியன் எழுதியிருக்கிறதப் பாத்தீங்களா? நாளைக்கே அவன நிப்பாட்டுங்க. இல்லாட்டி நாங்க உங்கட கடைப் பக்கமே வர மாட்டோம்."

இந்த நேரத்தில் முதலாளி என்ன செய்யலாம்? என்ன செய்யக் கூடாது? ஊழியரின் வாயை மூடுவதற்கு அவர் கொடுக்கும் சம்பளம் அதிகாரம் தருகிறதா? மறுபுறம், ஒருவருடைய பேச்சினால் பலருடைய பிழைப்பு பாதிக்கப்படும்போது முதலாளி கைகட்டி நிற்கத்தான் வேண்டுமா? இவ்வாரம் இந்தக் கேள்விகளைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இரு பக்கமும் நிற்பவர்கள் நாம்

இந்த விடயத்தில் எமது சமூகத்துக்கு ஒரு விசேட நிலை உண்டு. எமது கடைகளில் சிங்கள, தமிழ் சகோதரர்கள் வேலை செய்கிறார்கள். எமது பிள்ளைகள் மற்றவர்களின் கம்பனிகளில் வேலை செய்கிறார்கள். ஒரே வீட்டில் தந்தை முதலாளியாகவும் மகள் ஊழியராகவும் இருக்கும் நிலை சர்வசாதாரணமானது.

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம்களின் கடைகளைப் புறக்கணிக்குமாறு செய்யப்பட்ட பிரசாரங்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு மே மாத இறுதியில் அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரி அணிந்தே வர வேண்டும் எனச் சுற்றறிக்கை வெளியானபோது, அபாயா அணியும் எமது சகோதரிகள் பட்ட சிரமங்களும் நினைவில் உள்ளன. எதிர்ப்புகளின் பின்னரே அது மாற்றப்பட்டது. ஒருவரின் சமயத்தை வைத்து அவரது வேலையைத் தீர்மானிப்பது எவ்வளவு வலிக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் நாம். எனவே மற்றவர்களின் கம்பனிகளில் எமது பிள்ளைகளுக்கு எந்த நீதியைக் கேட்கின்றோமோ, அதே நீதியை எமது கடைகளில் வேலை செய்வோருக்குக் கொடுக்க வேண்டியவர்களாக இருக்கின்றோம். இக்கட்டுரையின் சாரம் இதுதான்.

மூன்று விடயங்களைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு முறைப்பாடு வந்தவுடன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். இங்கு மூன்று விடயங்கள் உள்ளன.

முதலாவது, உள்ளத்தில் உள்ள நம்பிக்கை. இதில் முதலாளிக்கு எந்த வேலையும் இல்லை. இரண்டாவது, அந்த நம்பிக்கையை வெளிப்படுத்துவது. தொழுவது, உடை அணிவது, எழுதுவது, பேசுவது எல்லாம் இதில் அடங்கும். இதற்கு உரிமை உண்டு. ஆனால் எல்லையும் உண்டு. மூன்றாவது, அந்த வெளிப்பாட்டினால் வேலைக்கோ சக ஊழியருக்கோ வாடிக்கையாளருக்கோ ஏற்படும் பாதிப்பு. முதலாளி தலையிடுவதற்குரிய இடம் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

சில உதாரணங்களைப் பார்ப்போம். வெசாக் தினத்தன்று ஓர் ஊழியர், "எனது மார்க்கத்தில் இல்லாத பண்டிகைகளுக்கு நான் வாழ்த்துச் சொல்வதில்லை" என்று தனது பக்கத்தில் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். ஆனாலும் அது அவரது நம்பிக்கை பற்றிய கூற்று மட்டுமே. அதே ஊழியர் பௌத்தர்களின் வணக்கத்தைக் கேலி செய்து படம் போட்டால் அது நிந்தனை. "இந்த ஊரில் இன்னாரை விரட்ட வேண்டும்" என்று எழுதினால் அது தூண்டுதல். இம்மூன்றும் ஒரே தராசில் வைக்கப்படக் கூடியவை அல்ல.

இனி மறுபக்கம். எமது கடையில் வேலை செய்யும் சிங்கள சகோதரர் ஒருவர், "ஹலால் சான்றிதழ் இந்த நாட்டுக்குத் தேவையில்லை" என்று எழுதுகிறார். எமக்குக் கோபம் வரும். ஆயினும் அது ஒரு கருத்து. முதல் உதாரணத்தில் எமது ஊழியருக்குக் கொடுத்த இடத்தை இவருக்கும் கொடுக்க வேண்டும். அவர் எமது நபிகளாரை இழிவுபடுத்தினால் அது வேறு விடயம். அப்போது இரண்டாவது உதாரணத்துக்குப் பயன்படுத்திய விதியே இங்கும் பொருந்தும்.

98 பவுண் வழக்கு

இவ்விடயம் வெளிநாட்டு நீதிமன்றங்களில் பல தடவைகள் அலசப்பட்டுள்ளது. அத்தீர்ப்புகள் எமது நாட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் நீதிபதிகள் சிந்தித்த முறை எந்த நாட்டு முதலாளிக்கும் பாடமாகும்.

இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகருக்கு அருகில் டிராபர்ட் எனும் பகுதியில் ஒரு வீடமைப்பு நிறுவனம். அங்கு முகாமையாளராக இருந்த ஒரு கிறிஸ்தவர், 2011 பெப்ரவரியில், தேவாலயங்களில் ஒருபாலினத் திருமணங்களை நடத்த இடமளிக்கும் திட்டம் பற்றிய செய்தியைத் தனது பேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்து, அது சமத்துவத்தை அளவுக்கு மீறிக் கொண்டு செல்வதாக ஒரு வரியில் எழுதினார். சக ஊழியர் ஒருவர் விளக்கம் கேட்டபோது, நம்பிக்கை இல்லாதவர்கள் ஏன் தேவாலயத்தில் திருமணம் செய்ய விரும்ப வேண்டும் என்ற பொருளில் அமைதியாகப் பதில் எழுதினார். வேலை நேரத்தில் அல்ல, விடுமுறை நாளில்.

நிறுவனம் இதனைப் பாரிய ஒழுக்கக்கேடு எனத் தீர்மானித்தது. நீண்ட காலச் சேவையைக் கருதி வேலைநீக்கம் செய்யாமல் விடுவதாகக் கூறி, பதவியைக் குறைத்தது. சம்பளம் நூற்றுக்கு 40 வீதம் குறைக்கப்பட்டது.

அவர் வழக்குத் தொடர்ந்தார். 2012 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அவர் எந்த ஒழுக்கக்கேடும் செய்யவில்லை என்றார் நீதிபதி. அவரது பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்ததும், சக ஊழியர்கள் பலர் அவரது நண்பர் பட்டியலில் இருந்ததும் உண்மைதான். ஆனாலும் அந்தப் பக்கத்தில் குடும்ப விடயங்களும் விளையாட்டும் சமயமும் கலந்து இருந்தன. அதை வாசிக்கும் சாதாரண அறிவுள்ள எவரும், இது நிறுவனத்தின் கருத்து என்று எண்ண மாட்டார். எனவே ஒப்பந்தத்தை மீறியது நிறுவனமே என்று முடிவாயிற்று.

இங்கு கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அவருக்குக் கிடைத்த நட்டஈடு 98 பவுண் மாத்திரமே! ஒப்பந்தச் சட்டத்தின்படி, உரிய அறிவித்தல் காலத்துக்கான சம்பள வித்தியாசத்தையே கணக்கிட முடிந்தது. நீதி கிடைத்தது, ஆனால் பறிபோன சம்பளம் திரும்பவில்லை. இவ்வளவு சிறிய தொகையையே வழங்க முடிகிறது என்பதில் நீதிபதியே தனது சங்கடத்தை வெளியிட்டிருந்தார். ஒரு முதலாளியின் அவசர முடிவு, சட்டத்தால் கூட முழுமையாகச் சரிசெய்ய முடியாத அநியாயமாகிவிடலாம் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

பாடசாலை வழக்கு

அதே இங்கிலாந்தில், 2018 ஒக்டோபரில் பாடசாலை ஒன்றின் பெண் ஊழியர், பிள்ளைகளுக்கு உறவுமுறை மற்றும் பாலினம் பற்றிக் கற்பிக்கும் திட்டத்தை எதிர்க்கும் ஆக்கங்களைப் பேஸ்புக்கில் பகிர்ந்தார். அவற்றின் வாசகங்கள் சூடானவை. ஆனால் பெரும்பாலும் அவை வேறொருவர் எழுதியவை. அவரது பக்கத்தில் பாடசாலையின் பெயர் இருக்கவில்லை. ஒருவர் முறைப்பாடு செய்தார். 2019 ஜனவரியில் வேலை போயிற்று.

வழக்கு பல படிகள் ஏறியது. இறுதியில் 2025 பெப்ரவரி 12 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த வேலைநீக்கம் அளவுக்கு மீறியது, எனவே சட்டவிரோதமான பாகுபாடு எனத் தீர்ப்பளித்தது. அவர் வேலைத்தலத்தில் மாணவர் எவரையும் வேறுபாடாக நடத்தியதாக எந்தச் சான்றும் இல்லை. பாடசாலையின் நற்பெயருக்கு உண்மையில் பாதிப்பு ஏற்பட்டதாகவும் காட்டப்படவில்லை. ஏற்படலாம் என்ற பயம் மட்டுமே இருந்தது. அந்தப் பயம் ஒருவரின் தொழிலைப் பறிக்கப் போதாது.

இவ்வழக்கின் இடைக்கட்டத்தில் நீதிமன்றம் முன்வைத்த கேள்விகள் மிகவும் பயனுள்ளவை. என்ன சொல்லப்பட்டது? எந்தத் தொனியில்? யார் யார் பார்த்தார்கள்? அது சொந்தக் கருத்து என்பது தெளிவா, அல்லது நிறுவனத்தின் கருத்தாக எடுக்கப்படுமா? சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையே அதிகார வித்தியாசம் உண்டா? நிறுவனத்தின் தொழில் எத்தகையது? பலவீனமானவர்களுடன் பழகும் தொழிலா? வேலைநீக்கத்தை விடக் குறைந்த நடவடிக்கை போதாதா? ஒரு சில்லறைக் கடைக்காரரும் இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டு வீரரின் வழக்கு

எல்லா ஊழியர்களும் ஒரே நிலையில் இல்லை என்பதைக் காட்ட அவுஸ்திரேலியச் சம்பவம் ஒன்றையும் பார்ப்போம். இஸ்ரேல் பொலாவ் அந்நாட்டின் பிரபல ரக்பி வீரர். 2019 ஏப்ரலில் இன்ஸ்டகிராமில், குடிகாரர், ஓரினச் சேர்க்கையாளர், பொய்யர், திருடர் எனப் பலரைப் பட்டியலிட்டு, அவர்கள் மனந்திரும்பாவிட்டால் நரகம்தான் என்ற பொருளில் ஒரு பதிவிட்டார். அதற்கு முந்திய ஆண்டும் இத்தகைய கருத்தினால் சர்ச்சை ஏற்பட்டிருந்தது. ரக்பி நிர்வாகம் அவருடன் பேசியுமிருந்தது.

இம்முறை மூவரடங்கிய குழு விசாரணை செய்து, நடத்தைக் கோவையைப் பாரதூரமாக மீறியதாக முடிவு செய்தது. 2019 மே 17 ஆம் திகதி அவரது பல மில்லியன் டொலர் ஒப்பந்தம் இரத்தானது. அவர் ஒரு கணக்காளரோ களஞ்சியக் காப்பாளரோ அல்லர். தேசிய அணியின் முகம். அனுசரணை நிறுவனங்கள் அவர் போன்றவர்களின் முகத்துக்காகவே பணம் கொடுக்கின்றன. எனவே நிர்வாகத்தின் கவலையில் நியாயம் இருந்தது. இருந்தும் விடயம் அத்துடன் முடியவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. 2019 டிசம்பரில் இரு தரப்பும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கோரி, தொகை வெளியிடப்படாத ஓர் இணக்கத்துக்கு வந்தன. விசாரணை நடத்தி, எழுதப்பட்ட கோவையைக் கையில் வைத்திருந்த பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், எழுத்தில் எதுவுமே இல்லாத சிறு வியாபாரியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வாடிக்கையாளர் சொன்னால் போதுமா?

"எனக்கு ஒன்றுமில்லை, வாடிக்கையாளர்தான் விரும்பவில்லை" என்பது பல முதலாளிகள் சொல்லும் நியாயம். பிரான்சில் ஒரு கணினி நிறுவனம் இதையே சொன்னது. ஹிஜாப் அணிந்த தனது பொறியியலாளரை அனுப்ப வேண்டாம் என வாடிக்கையாளர் கேட்டதால், ஹிஜாபைக் கழற்ற மறுத்த அவரை நீக்கியது. 2017 மார்ச் 14 ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், வாடிக்கையாளரின் விருப்பம் மட்டும் அந்தத் தொழிலின் உண்மையான தேவையாகிவிடாது எனக் கூறியது.

அதே நாளில் வெளியான இன்னொரு தீர்ப்பில், எல்லாச் சமய, அரசியல் அடையாளங்களையும் வேறுபாடின்றித் தடைசெய்யும் பொதுவான விதி நேரடிப் பாகுபாடாகாது எனவும் அதே நீதிமன்றம் கூறியது. இது எமக்குக் கசப்பான தீர்ப்பு. எனினும் 2021 ஜூலையில் அது மேலும் விளக்கப்பட்டு, அவ்வாறான விதிக்கு உண்மையான தேவை இருப்பதை முதலாளியே நிரூபிக்க வேண்டும் என்றாயிற்று.

எமக்குரிய பாடம் இதுதான். ஹிஜாபைப் பிடிக்காத வாடிக்கையாளருக்காக எமது சகோதரியை நீக்குவது அநியாயம் என்றால், சிலுவை அணிந்த ஊழியரையோ நெற்றியில் திருநீறு பூசி வரும் ஊழியரையோ பிடிக்காத எமது வாடிக்கையாளருக்காக அவரை நீக்குவதும் அநியாயமே.

எமது நாட்டுச் சட்டம்

அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை எல்லோருக்கும் வழங்குகிறது. 14(1)(உ) உறுப்புரை பிரஜைகளுக்குத் தனியாகவோ கூட்டாகவோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ சமயத்தை வெளிப்படுத்தும் சுதந்திரத்தைத் தருகிறது. இரண்டாவது சுதந்திரம் சட்டத்தால் மட்டுப்படுத்தப்படலாம். முதலாவதை அவ்வாறு மட்டுப்படுத்த இடமில்லை.

ஆனால் அடிப்படை உரிமை மீறல் மனு, அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகவே உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படலாம். தனியார் கடை முதலாளிக்கு எதிராக ஊழியர் இவ்வழியில் செல்ல முடியாது. இதைக் கேள்விப்பட்ட சிலர், "அப்படியென்றால் தனியார் துறையில் நாம் நினைத்ததைச் செய்யலாம்" என எண்ணிவிடுகின்றனர். அது தவறு.

கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ், வேலை நிறுத்தப்பட்ட ஊழியர் தொழில் நியாய சபைக்குச் செல்லலாம். கடையில் மூன்று பேர் மட்டுமே வேலை செய்தாலும் இவ்வுரிமை உண்டு. வேலையை நிறுத்தியது முதலாளி என்பது ஒத்துக்கொள்ளப்பட்டால், அது நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் மீது விழுகிறது. சபை நீதியானதும் ஒப்புரவானதுமான கட்டளையை வழங்கும். மீண்டும் வேலையில் சேர்க்குமாறோ நட்டஈடு வழங்குமாறோ கட்டளையிட முடியும்.

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாயின், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டமும் பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் வேலையை முடிவுறுத்துவதாயின் ஊழியரின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ தேவை. ஒழுக்காற்று நடவடிக்கையாக நீக்குவதாயின், நீக்கிய நாளுக்குப் பிந்திய இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணங்களை எழுத்தில் அறிவிக்க வேண்டும். "நாளையிலிருந்து வராதே" என்று தொலைபேசியில் சொல்லி முடிக்கும் காரியம் அல்ல இது.

ஊழியரின் பேச்சு சட்டத்தையே மீறும் சந்தர்ப்பங்களும் உள்ளன. பிறரின் சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்குடன் பேசுவது தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகளின் கீழ் குற்றம். பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் சமய வெறுப்பைப் பரப்புவது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3 ஆம் பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

ஆனால் இங்கும் அவசரம் கூடாது. 2020 ஏப்ரலில் ஓய்வுபெற்ற முஸ்லிம் அரச உத்தியோகத்தர் ஒருவர், வெறுப்புப் பிரசாரத்தை எழுத்தால் எதிர்கொள்ள வேண்டும் என்று எழுதிய பேஸ்புக் பதிவுக்காகவே இச்சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். ஐந்து மாதங்கள் தடுப்பில் இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து 10 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. சட்டம் தெரிந்த அதிகாரிகளே ஒரு பதிவைப் பிழையாக வாசிக்க முடியும் என்றால், கோபத்தில் இருக்கும் வியாபாரி எவ்வளவு நிதானமாக வாசிக்க வேண்டும்!

எமது மார்க்கம் தரும் அளவுகோல்

இவ்விடயத்தில் குர்ஆன் தரும் வழிகாட்டல் மிகத் தெளிவானது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து எம்மை விலக்கிவிடக் கூடாது என்கிறது ஸூரத்துல் மாயிதாவின் 8 ஆம் வசனம். செய்தியொன்று வந்தால் விசாரித்துத் தெளிவுபெறும்படியும், இல்லாவிட்டால் அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் எனவும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6 ஆம் வசனம் எச்சரிக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை. பிறர் வணங்குபவற்றை ஏச வேண்டாம் என்பது ஸூரத்துல் அன்ஆமின் 108 ஆம் வசனத்தின் கட்டளை. இதை எமது முஸ்லிம் ஊழியர்களுக்கு நாமே எடுத்துச் சொல்லலாம்.

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்தின்போது கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது குறைஷிகளின் மதத்தில் இருந்தவர். உயிருக்கே ஆபத்தான அந்தப் பயணத்தில் பார்க்கப்பட்டது அவரது பாதை அறிவும் நம்பகத்தன்மையும்தான்.

முறைப்பாடு வருமுன் செய்ய வேண்டியவை

விதிகளைத் தகராறு வந்த பின்னர் உருவாக்க முடியாது. எனவே ஒரு பக்கத்தில் அடங்கக்கூடிய எளிய விதிகளை எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஊழியர்களுக்குக் கொடுத்து, வாசித்து விளங்கினேன் என ஒப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். அதில் பின்வருவன இருந்தால் போதும்.

1. கடையின் பெயர், சின்னம், சீருடை ஆகியவற்றுடன் சமயம் அல்லது அரசியல் பற்றிய பகிரங்கக் கருத்து வெளியிடக் கூடாது.

2. எந்தச் சமயத்தையும், சமயத்தவரையும் நிந்திக்கவோ அவர்களுக்கு எதிராகத் தூண்டவோ கூடாது.

3. வேலைக்கான வாட்ஸ்அப் குழு வேலைக்கு மட்டுமே. அங்கு பயானும் வேண்டாம், பணவும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம்.

4. சக ஊழியரிடம் சமயம் பற்றிப் பேசலாம். அவர் விருப்பமில்லை என்றால் அத்துடன் நிறுத்த வேண்டும். மேலாளர் தனக்குக் கீழுள்ளவரிடம் பேசும்போது, மறுக்க முடியாத நிலையில் அவர் இருக்கிறார் என்பதை உணர வேண்டும்.

5. இவ்விதிகள் முதலாளியின் குடும்பத்தினர் உட்பட அனைவருக்கும் பொருந்தும்.

இதில் ஐந்தாவதே மிக முக்கியமானது. முதலாளியின் மகன் தனது பக்கத்தில் பிற சமயத்தவரைக் கிண்டல் செய்துகொண்டிருக்க, கடையில் பொதி கட்டும் சகோதரருக்கு மட்டும் விதி சொல்ல முடியாது. ஊழியரின் பதிவை விட முதலாளியின் பதிவே கடையின் கருத்தாக எடுக்கப்படும். அதேபோல் எமது ஊழியர்கள் ஜும்ஆவுக்குச் செல்ல நேரம் ஒதுக்கும் நாம், மற்றவர்கள் போயா தினத்திலும் கோயில் திருவிழாவிலும் லீவு கேட்கும்போதும், ரமழானில் பகலுணவு உண்ண ஓர் இடம் கேட்கும்போதும் முகம் சுளிக்கக் கூடாது.

முறைப்பாடு வந்த பின்னர்

முதலில், அன்றிரவே எந்த முடிவும் எடுக்காதீர்கள். அழைத்தவரிடம், "விசாரிச்சுப் பாத்துத்தான் முடிவெடுப்பன்" என்று மட்டும் சொல்லுங்கள். வெளியாருக்கு வாக்குறுதி கொடுத்துவிட்டு நடத்தும் விசாரணை விசாரணையாகாது.

அடுத்து, முழுப் பதிவையும் திகதியுடன் பெற்றுக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய படங்களும் போலிக் கணக்குகளும் மலிந்த காலம் இது. சிங்களப் பதிவாயின் மொழி நன்கு தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஊழியரைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். பாரதூரமாகத் தெரிந்தால் விளக்கம் கோரி எழுத்தில் கடிதம் கொடுத்து, பதிலுக்கு நியாயமான அவகாசம் வழங்குங்கள். உள்ளக விசாரணை நடத்துவதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. எனினும் முறையாக விசாரித்த முதலாளியின் சொல்லுக்குத் தொழில் நியாய சபையில் கிடைக்கும் கனதி வேறு.

அதன் பின் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு, போதுமான மிகச் சிறிய நடவடிக்கையைத் தெரிவு செய்யுங்கள். பல சந்தர்ப்பங்களில் தனது பக்கத்திலிருந்து கடையின் பெயரை எடுத்துவிடும்படி சொல்வதே போதுமானதாக இருக்கும். அதற்கு மேல் வாய்மூல அறிவுறுத்தல், எழுத்து மூல எச்சரிக்கை என்று படிகள் உண்டு. வாடிக்கையாளர்களுக்கு, "அது அவரது சொந்தக் கருத்து, கடையின் கருத்தல்ல, எமது கடையில் எல்லோரும் சமமாக மதிக்கப்படுவர்" என அறிவித்தல் ஒன்று போடலாம். இதுவும் முதலாளியின் உரிமைதான். ஊழியருக்குப் பேச உரிமை இருப்பதுபோல், "நான் அதை ஏற்கவில்லை" என்று சொல்ல முதலாளிக்கும் உரிமை உண்டு. தண்டிக்காமலே பதில் சொல்லும் இந்த வழியைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

வேலைநீக்கம் எப்போது? வன்முறைக்கோ பகிஷ்கரிப்புக்கோ தூண்டும்போது, வாடிக்கையாளரையோ சக ஊழியரையோ சமயத்தின் பெயரால் துன்புறுத்தும்போது, தெளிவான விதியையும் எச்சரிக்கையையும் மீறிக் கடையின் பெயரில் நிந்தனை தொடரும்போது அந்நிலை வரலாம். அப்போதும் ஒரு தொழில் சட்டத்தரணியிடம் ஆலோசனை பெற்றே கடிதத்தை எழுதுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கட்டணம், பிறகு கொடுக்க நேரும் நட்டஈட்டை விடச் சிறியது.

முடிவாக

ஊழியரை வேலைக்கு எடுக்கும்போது நாம் வாங்குவது அவரது நேரத்தையும் திறமையையும் மட்டுமே. அவரது ஈமானையோ மனச்சாட்சியையோ எந்தச் சம்பளத்தாலும் வாங்க முடியாது. அதேநேரம் கடையின் பெயரும், அங்கு வேலை செய்யும் பல குடும்பங்களின் பிழைப்பும் முதலாளியிடம் உள்ள அமானிதங்கள். அவற்றைக் காப்பதும் அவரது கடமையே.

அடுத்த முறை ஓர் ஊழியரின் பதிவு உங்கள் கைக்கு வரும்போது ஒரு காரியம் செய்து பாருங்கள். எழுதியவரின் பெயரை மாற்றிப் போடுங்கள். முஸ்லிம் பெயர் இருந்தால் சிங்களப் பெயரையும், சிங்களப் பெயர் இருந்தால் உங்கள் மகனின் பெயரையும் வைத்து மீண்டும் வாசியுங்கள். தீர்ப்பு மாறாவிட்டால் நடவடிக்கை எடுங்கள். மாறுமாயின், முதலில் சரிசெய்ய வேண்டியது உங்கள் தராசையே. நிறுவையில் மோசடி செய்யக் கூடாது என்ற போதனை அரிசிக்கும் சீனிக்கும் மட்டும் உரியதல்ல.